மல்டிமீட்டர் நல்லாருக்குங்குது, மெக்கர் போச்சுங்குது: ரெசிஸ்டன்ஸ் அளக்கற மீட்டர்லாம் உள்ள என்னதான் பண்ணுது

பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பு, கிணத்து மேட்டுல 5 எச்பி மூணு ஃபேஸ் மோனோபிளாக் மோட்டார், ஸ்டார்ட் பட்டன அமுக்குன உடனே ஈஎல்சிபி (கரண்ட் பூமிக்கு கசிஞ்சா லைன வெட்டற சுவிட்ச்) ட்ரிப் ஆகுதுன்னு கூப்ட்டாங்க. நான் போய் சேர்றதுக்குள்ள தோட்டக்காரரோட பையன் ஒரு மஞ்ச கலர் மல்டிமீட்டர வச்சு எல்லாத்தையும் பாத்து முடிச்சிருந்தான். "ஏனுங்ணா, காயிலுக்கும் பாடிக்கும் வச்சா ஓப்பன்னுதானுங்க காட்டுது, மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க, ஈஎல்சிபிதான் போயிருக்கும், அத தூக்கிட்டு நேரா லைன் குடுத்தர்லாமுங்களா"ன்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லாம மெக்கர, அதான் கைல சுத்தி 500 வோல்ட் குடுத்து இன்சுலேஷன பாக்கற மீட்டர எடுத்து ஒரு லீட காயில்ல, இன்னொரு லீட பாடில மாட்டி கைப்பிடிய சுத்துனேன், முள்ளு நேரா ஜீரோவுக்கு போய் உக்காந்துடுச்சு, அதாவது காயில்ல இருந்து பாடிக்கு கரண்ட் போகுது. அவன் முகம் மாறிப்போச்சு. மறுபடி மல்டிமீட்டர வச்சு பாத்தான், மறுபடியும் ஓப்பன்.

ரெண்டு மீட்டர்லயும் கோளாறு இல்ல. ரெண்டும் சொன்னது உண்மைதான். இந்த எடத்துலதான் நெறைய பேர் தடுமாறறாங்க, பத்து வருசம் வயரிங் வேல பாத்தவங்க கூட, அதனாலதான் இத கொஞ்சம் நீளமா எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ண மனசுல வாங்கிக்கணும், ரெசிஸ்டன்ஸ்ங்கறத எந்த மீட்டரும் நேரா பாக்க முடியாது. வோல்டேஜ் லைன்ல ஏற்கனவே இருக்கு, கரண்ட் ஓடிக்கிட்டு இருக்கு, மீட்டர் வச்சா அது வந்து காட்டும். ரெசிஸ்டன்ஸ் அப்படி இல்ல, சும்மா மேஜை மேல கெடக்கற ஒரு கம்பில வெளிய தெரியற மாதிரி எதுவுமே கெடையாது. அதுக்குள்ள நாம ஒரு கரண்ட தள்ளணும், எவ்ளோ வோல்டேஜுக்கு எவ்ளோ கரண்ட் போச்சுன்னு பாக்கணும், ரெண்டையும் வகுத்தா வர்றதுதான் ஓம். ஆக ஓம் காட்டற ஒவ்வொரு மீட்டர்லயும் உள்ள ஒரு சப்ளை இருக்கும், பேட்டரியோ டைனமோவோ ஏதோ ஒண்ணு. அது எவ்ளோ வோல்ட் குடுக்குது, எவ்ளோ ஆம்ப் தள்ளுது, எந்த எடத்துல நின்னு அளக்குதுங்கறதுலதான் எல்லா வித்தியாசமும் இருக்கு. மல்டிமீட்டர், மெக்கர், மைக்ரோ ஓம் மீட்டர், எர்த் டெஸ்டர் எல்லாமே இந்த ஒரே வேலையத்தான் வேற வேற அளவுல செய்யுது.

இந்த சப்ளை பிரச்சன இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ஜெர்மனில கொலோன்ல வாத்தியாரா இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் இத சோதிச்சு பாத்தப்ப, அந்த காலத்து பேட்டரி ஒரே மாதிரி நிக்கவே நிக்காது, கரண்ட் எடுக்க எடுக்க எறங்கிட்டே போகும், அத வச்சு எந்த கணக்கும் தேறல. அப்பறம் அவர் பிஸ்மத்தும் செம்பும் சேத்த தெர்மோகப்பிளுக்கு, அதான் ரெண்டு முனைக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்துல வோல்டேஜ் குடுக்கற கம்பிக்கு மாறுனார், ஒரு முனை கொதிக்கற தண்ணி சூட்டுல, இன்னொரு முனை ஐஸ்ல. தண்ணி கொதிக்கற சூடும் ஐஸ் உருகற குளிரும் மாறாது, அதனால வோல்டேஜும் மாறல, சின்ன வோல்டேஜ்தான் ஆனா அசையாம நின்னுச்சு. அதுல எடுத்த கணக்கத்தான் 1827ல புத்தகமா போட்டார். நாம இன்னிக்கு ஒரு வரில ஒப்பிக்கற ஓம் விதிக்குப் பின்னாடி நிக்கறது அந்த அசையாத சப்ளைதான்.

முள்ளு வச்ச பழைய மீட்டர எடுத்துக்குவோம். பிரிட்டன்ல போஸ்ட் ஆபீஸ் இன்ஜினியரா இருந்த டொனால்ட் மெக்காடிங்கறவர் ஆம்ப், வோல்ட், ஓம் மூணையும் ஒரே பெட்டிக்குள்ள கொண்டு வந்தார், 1923ல அது ஏவோ மீட்டர்னு கடைக்கு வந்துச்சு. இந்த வகை மீட்டர்ல ஓம் பக்கம் எப்படி வேல செய்யுதுன்னா, உள்ள ஒரு பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், முள்ளு அசைக்கற காயில் மூணும் ஒரே வரிசைல இருக்கும், நாம வைக்கற பொருளும் அதே வரிசைல போய் சேந்துக்கும். ரெண்டு லீடையும் ஒண்ணா தொட்டா முழு கரண்ட் ஓடும், முள்ளு வலது கடைசிக்கு போகும், அதனாலதான் ஓம் ஸ்கேல்ல மட்டும் ஜீரோ வலது பக்கம் இருக்கு. லீட பிரிச்சா கரண்டே இல்ல, முள்ளு இடது கடைசில நிக்கும், அங்க முடிவிலி. நடுவுல எவ்ளோ காட்டுதோ அதுதான் மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ், ஏன்னா வெளிய அதே அளவு சேத்தாத்தான் கரண்ட் பாதியாகும். உள்ள 20 ஓம்னா 20 வச்சப்ப நடுவுல நிக்கும், 60 வச்சா கால்வாசிக்கு வந்துடும், 180 வச்சா பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல எல்லா நம்பரும் இடது ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கிக்கிட்டு கெடக்கும். அதனால இந்த மீட்டர்ல நடு பாகத்துல முள்ளு வர்ற மாதிரி ரேஞ்ச மாத்தி வச்சு பாக்கறதுதான் முறை. ஒவ்வொரு தடவையும் லீட தொட்டு வச்சு அந்த குமிழ திருகி ஜீரோ பண்றதும் பேட்டரி எறங்குனத சரிகட்டத்தான், எவ்ளோ திருகியும் ஜீரோவுக்கு வரலன்னா பேட்டரி மாத்துற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு, இந்த மாதிரி மீட்டர் பெரும்பாலானதுல ஓம் ரேஞ்ச்ல கருப்பு லீட்லதான் பிளஸ் வரும், இது தெரியாம ஒரு பக்கம் மட்டும் கரண்ட விடற டையோட செக் பண்ணி நல்ல டையோட தூக்கி போட்டவங்கள பாத்திருக்கேன்.

சரி, சப்ளை அசைஞ்சாலும் ரீடிங் அசையக்கூடாதுன்னா என்ன பண்றது? இதுக்கு ஒரு அழகான வழிய 1833லயே சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டிங்கறவர் எழுதி வச்சிட்டார், 1843ல சார்லஸ் வீட்ஸ்டன் அத எடுத்து எல்லாருக்கும் புரியற மாதிரி பயன்படுத்திக் காட்டுனார், பேர் என்னமோ வீட்ஸ்டனுக்கே நின்னுடுச்சு. ப்ளஸ்டூ பிசிக்ஸ் ப்ராக்டிகல்ல மீட்டர் பிரிட்ஜ்னு ஒரு மரப்பலகைல ஒரு மீட்டர் கம்பி கட்டி ஜாக்கிய நகத்தி நகத்தி பாத்திருப்பீங்க, அதேதான். தராசு மாதிரி யோசிச்சு பாருங்க. ஒரு தட்டுல தெரியாத சாமான், இன்னொரு தட்டுல படிக்கல்லு, நடு முள்ளு நேரா நின்னா ரெண்டும் சமம், அந்த கட பூமில இருந்தா என்ன நிலால இருந்தா என்ன. பிரிட்ஜ்ல அதே மாதிரி சப்ளைல இருந்து ரெண்டு வழியா கரண்ட் பிரிஞ்சு போகுது, ரெண்டு வழியோட நடுப்புள்ளிக்கும் குறுக்க ஒரு கால்வனாமீட்டர், ரொம்ப சின்ன கரண்டையும் காட்டற மீட்டர். ரெண்டு நடுப்புள்ளிலயும் வோல்டேஜ் ஒண்ணா இருந்தா குறுக்க கரண்ட் ஓடாது, முள்ளு ஜீரோல நிக்கும். அப்ப ஒரு வழில இருக்கற ரெண்டு ரெசிஸ்டன்ஸோட விகிதமும் அடுத்த வழில இருக்கற விகிதமும் சமம், மூணு தெரிஞ்சா நாலாவது வந்துடும். பேட்டரி 2 வோல்ட்டா 1.8 வோல்ட்டாங்கறது கணக்குக்குள்ளயே வராது. முள்ளு எவ்ளோ சரியா நம்பர் காட்டுதுங்கற கவலையும் இல்ல, ஜீரோவ ஜீரோன்னு காட்டுனா போதும்.

இதே பிரிட்ஜ வச்சுத்தான் மண்ணுக்குள்ள பொதைச்ச கேபிள்ல எங்க அடி வாங்கியிருக்குன்னு கண்டுபிடிக்கறாங்க, மர்ரே லூப்னு பேரு. 500 மீட்டர் கேபிள்ல ஒரு கோர் (உள்ள இருக்கற ஒரு கம்பி) எங்கயோ பூமிய தொட்டுடுச்சுன்னு வைங்க, அந்த கோரையும் நல்லா இருக்கற இன்னொரு கோரையும் அந்த கடைசில ஒண்ணா முடிச்சு போட்டா மொத்தம் 1000 மீட்டர் லூப் ஆகிடும். பிரிட்ஜ் 30 சதவீதத்துல பேலன்ஸ் ஆச்சுன்னா ஃபால்ட் நாம நிக்கற முனைல இருந்து 300 மீட்டர்ல இருக்கு. ரோடு முழுக்க தோண்டாம ஒரே எடத்துல கடப்பாரைய போடலாம்.

இப்ப அந்த பையன் கைல இருந்த மஞ்ச மீட்டருக்கு வருவோம். வெல கம்மிதானேன்னு யாரும் அத மட்டமா நெனைக்க வேணாம், உள்ள நடக்கறது அந்த தராசு தந்திரமேதான், வேற உருவத்துல. மீட்டருக்குள்ள நல்லா அளவு தெரிஞ்ச ஒரு ரெசிஸ்டர் இருக்கு, நாம வைக்கற ரெசிஸ்டர் அதோட வரிசைல சேருது, ரெண்டுலயும் ஒரே கரண்ட்தான் ஓடுது. ஒரே கரண்ட் ஓடறதால எதுல எவ்ளோ வோல்டேஜ் விழுதுங்கறது அதோட ஓமுக்கு தகுந்த மாதிரி. உள்ள இருக்கற சிப்பு என்ன பண்ணுதுன்னா, நம்ம ரெசிஸ்டர்ல விழுந்த வோல்டேஜ வச்சு ஒரு கப்பாசிட்டர ஒரு குறிப்பிட்ட நேரம், சரியா 1000 எண்ணற வரைக்கும் சார்ஜ் பண்ணுது, அப்பறம் தெரிஞ்ச ரெசிஸ்டர்ல விழுந்த வோல்டேஜ வச்சு அத காலி பண்ணுது, காலியாக எத்தன எண்ணிக்கை ஆச்சுன்னு பாக்குது. உள்ள 1000 ஓம், நாம வச்சது 470 ஓம்னா 470 எண்ணறப்ப கப்பாசிட்டர் காலியாகிடும், அந்த நம்பர அப்படியே டிஸ்ப்ளேல போட்டுடும். கரண்ட் எவ்ளோங்கறது ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போகுது, பேட்டரி கொஞ்சம் எறங்குனாலும் ரீடிங் நிக்குது. வெல கூடுன மீட்டர்ல அசையாத ஒரு கரண்ட் சோர்ஸ வச்சு, விழற வோல்டேஜ நேரா அளப்பாங்க, அதுவும் நல்ல முறைதான்.

அப்போ அந்த உள்ள இருக்கற 1000 ஓம் சரின்னு யார் சொன்னதுன்னு கேட்டா, அது தனி கத. ஒரு ஓம்னா எவ்ளோன்னு 1893ல சிகாகோல கூடி ஒரு அளவு வச்சாங்க: ஐஸ் உருகற குளிர்ல, 14.4521 கிராம் பாதரசத்த ஒரே சீரான தடிமன்ல 106.3 சென்டிமீட்டர் நீளத்துக்கு நிறுத்துனா அதோட ரெசிஸ்டன்ஸ்தான் ஒரு ஓம். கண்ணாடி குழாய்க்குள்ள பாதரசம். அங்க இருந்து 1980ல கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் கண்டுபிடிச்ச விஷயத்துக்கு வந்திருக்கோம், கடுங்குளிர்ல, பலமான காந்தத்துக்குள்ள வச்ச மெல்லிசான செமிகண்டக்டர்ல ரெசிஸ்டன்ஸ் படி படியா மட்டும்தான் மாறுது, அந்த படிக்கு ஆதாரமான அளவு 25812.807 ஓம், எந்த நாட்ல எந்த லேப்ல எடுத்தாலும் அதே நம்பர். 1985ல அவருக்கு நோபல் பரிசு. நம்ம நாட்ல இந்த மாதிரி அளவுக்கெல்லாம் தலைமை எடம் தில்லில இருக்கற என்பிஎல், நேஷனல் பிசிக்கல் லேபரட்டரி. கேலிபிரேஷன் சர்டிபிகேட்டுன்னு ஒரு பேப்பர் மீட்டரோட வருதே, அது சும்மா சீல் குத்துன பேப்பர் இல்ல, கைக்கு கை மாறி கடைசில அந்த நம்பர்ல போய் முடியற சங்கிலி.

டிஜிட்டல் மீட்டர்ல தப்பு நடக்கற எடம் ரெண்டு கடைசிலயும் இருக்கு, ரொம்ப கம்மி ஓம்லயும் ரொம்ப ஜாஸ்தி ஓம்லயும். கம்மிய முதல்ல பாப்போம். கடைல 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் 90 மீட்டர் காயில் வாங்கறீங்க, செம்பு சரியான அளவு இருக்கான்னு செக் பண்ணணும். கணக்குப்படி அதுக்கு சுமார் 1.03 ஓம் வரணும். உங்க மீட்டர் லீடு ரெண்டையும் சும்மா ஒண்ணா தொட்டு பாருங்க, 0.3 காட்டும், லீடு பழசா இருந்தா 0.5 கூட காட்டும். அப்போ வயர வச்சப்ப 1.3னு வரும், நல்ல வயர போலின்னு சொல்லிடுவோம். லீடோடத கழிச்சுட்டா ஓரளவு பரவால்ல, ஆனா கைய கொஞ்சம் அழுத்தி பிடிச்சா ஒரு ரீடிங், லேசா பிடிச்சா ஒரு ரீடிங்னு வரும், அந்த ஆட்டத்த எப்படி கழிக்கறது?

அதுக்கு வழி சொன்னவர் வில்லியம் தாம்சன், பின்னாடி கெல்வின் பிரபுன்னு பேர் வாங்கினவர், 1860கள் தொடக்கத்துல. ரெண்டு வயருக்கு பதிலா நாலு வயர். வெளிப்பக்கம் ரெண்டு வயர் வழியா கரண்ட் மட்டும் தள்ளணும். உள்பக்கம் தனியா ரெண்டு வயர வச்சு வோல்டேஜ் மட்டும் பாக்கணும். வோல்டேஜ் பாக்கற வயர்ல கிட்டத்தட்ட கரண்டே ஓடாது, கரண்ட் ஓடாத வயர்ல வோல்டேஜ் விழாது, அதனால அந்த வயரோட ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ இருந்தாலும், கிளிப் கொஞ்சம் லூசா இருந்தாலும் கூட, ரீடிங்ல ஏறாது. கரண்ட் வயர்ல விழற வோல்டேஜ் நாம பாக்கற எடத்துக்கு வெளிய போயிடுது. எனக்கு இந்த துறைலயே ரொம்ப புடிச்ச யோசனை இதுதான், பார்ட்ஸ் எதுவும் கூட்டாம, தொடற எடத்த மாத்தியே தப்ப வெளிய தள்ளிடுச்சு.

சப்ஸ்டேஷன்ல பிரேக்கர் கான்டாக்ட் செக் பண்றது இப்படித்தான். 100 ஆம்ப் டிசி தள்ளி எவ்ளோ வோல்டேஜ் விழுதுன்னு பாப்பாங்க, 5 மில்லிவோல்ட் வந்தா கான்டாக்ட் 50 மைக்ரோ ஓம். எதுக்கு அவ்ளோ ஆம்ப்னா, அவ்ளோ தள்ளியே 5 மில்லிவோல்ட்தான் கெடைக்குது, 1 மில்லிஆம்ப் தள்ற மல்டிமீட்டர்ல என்ன தெரியும், கண்ணுக்கே தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கு, கான்டாக்ட் மேல படிஞ்ச மெல்லிசான அழுக்கு படலம் சின்ன கரண்ட்ல ஒரு ரீடிங் காட்டும், நெஜமா லோடு ஓடற மாதிரி பெரிய கரண்ட் போனா வேற காட்டும். 50 இருக்க வேண்டிய எடத்துல 500 மைக்ரோ ஓம் ஆச்சுன்னா கேக்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும், அரை மில்லி ஓம் தானே, ஆனா அதுல 1000 ஆம்ப் ஓடுனா 500 வாட் சூடு, ஒரு சின்ன ஹீட்டர பிரேக்கருக்குள்ள வச்ச மாதிரி.

வீட்லயே பாக்கற மாதிரி ஒண்ணு சொல்றேன், பழைய 60 வாட் குண்டு பல்பு கெடச்சா மல்டிமீட்டர வச்சு பாருங்க, 60, 70 ஓம் கிட்ட காட்டும். ஆனா 230 வோல்ட்ல 60 வாட்னா கணக்குப்படி 880 ஓமுக்கு மேல வரணும். மீட்டர் தப்பா? இல்ல. மீட்டர் தள்ற கரண்ட்ல டங்ஸ்டன் கம்பி கைய விட சூடா கூட இல்ல, எரியறப்ப ரெண்டாயிரத்து சொச்சம் டிகிரி. மீட்டர் குளுந்த கம்பியோட ரெசிஸ்டன்ஸ சொல்லுது, நமக்கு வேண்டியது எரியற கம்பியோடது. செம்புலயும் இது உண்டு, ஒரு டிகிரி கூடுனா சுமார் 0.39 சதவீதம் ஏறும், அதனாலதான் மோட்டார் ஓடி நிறுத்துன உடனே காயில் ஓம் எடுத்தா காலைல எடுத்தத விட கூடுதலா இருக்கும், அத வச்சே காயில் எவ்ளோ சூடாச்சுன்னு திருப்பி கணக்கு போடுவாங்க.

இப்ப அந்த பக்கம், மெகாஓம் பக்கம். தோப்பு மோட்டாருக்கு வர்றேன். காயில் கம்பி மேல இருக்கற எனாமல் ஸ்லாட் ஓரத்துல ஒரு எடத்துல கீறிடுச்சு, கம்பிக்கும் இரும்பு ஸ்டாம்பிங்குக்கும் நடுவுல முடிய விட மெல்லிசான காத்து இடைவெளி. மல்டிமீட்டர் குடுக்கறது என்ன, அந்த ரேஞ்ச்ல பல மீட்டர்ல ஒரு வோல்ட் கூட கெடையாது. ஒரு வோல்ட் எந்த காத்த தாண்டும்? காத்துல பொறி பறக்கணும்னா, இடைவெளி எவ்ளோ சின்னதா இருந்தாலும், குறைஞ்சது 330 வோல்ட் பக்கம் வேணும், அதுக்கு கீழ காத்த தாண்டி அடிக்காது. மல்டிமீட்டர் கண்ணுக்கு அந்த எடம் சுத்தமா ஓப்பன்தான். மெக்கர் 500 வோல்ட் குடுக்குது, தாண்டிடுது. லைன்ல என்ன நடக்குதுன்னா, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230ன்னு சொல்றோமே அதோட உச்சி 325, எல்லைல நிக்குது, ஸ்டார்ட் பண்றப்ப காயில் ஒரு உதறு உதறும், கீறுன எடம் இரும்ப போய் தொடும், ஈஎல்சிபி ட்ரிப் ஆகும். ஈஎல்சிபி அதோட வேலைய சரியாத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

மெக்கர்ங்கறது இன்னிக்கு நமக்கு ஒரு பொருளோட பேரு, ஆனா அது 1903ல பதிவான ஒரு டிரேட்மார்க் பேரு, அதுக்கு முன்னாடியே 1889ல சிட்னி எவர்ஷெட் இந்த வகை டெஸ்டர கொண்டு வந்துட்டார். கைல சுத்தற மெக்கருக்குள்ள நான் ஒரு தடவ மூடிய கழட்டி பாத்துருக்கேன், ஒரு டைனமோ, ஒரு காந்தம், ஒரே அச்சுல குறுக்கால கட்டுன ரெண்டு காயில். ஒரு காயில் டைனமோ வோல்டேஜ பாக்குது, இன்னொரு காயில் நாம டெஸ்ட் பண்ற பொருள் வழியா போற கரண்ட பாக்குது. ரெண்டும் எதிர் எதிரா முள்ள இழுக்கும், ரெண்டும் எங்க சமமாகுதோ அங்க முள்ளு நிக்கும். முள்ள திருப்பி இழுக்க ஸ்பிரிங்கே கெடையாது, அதனால மெக்கர சும்மா வச்சிருந்தா முள்ளு எங்க வேணா நிக்கும், கெட்டுப்போச்சுன்னு பயப்பட வேணாம். வேகமா சுத்துனா வோல்டேஜ் ஏறும், கரண்டும் அதே அளவு ஏறும், விகிதம் மாறாது. இங்கயும் அந்த தராசுதான் பாருங்க. நிமிஷத்துக்கு 160 சுத்து வேகம்னு வச்சிருக்காங்க, அதுக்கு மேல சுத்துனா வழுக்கற மாதிரி ஒரு கிளட்ச் உண்டு.

மெக்கர் ரீடிங்க படிக்கறதுல ஒரு பொறுமை வேணும். வச்ச உடனே முள்ளு கீழ விழுந்து மெல்ல ஏறும், ஏன்னா அந்த கரண்ட்ல மூணு வகை கலந்திருக்கு. காயிலும் பாடியும் சேந்து ஒரு கப்பாசிட்டர், அது சார்ஜ் ஆகற கரண்ட் சில நொடில ஓஞ்சிடும். அப்பறம் இன்சுலேஷனுக்குள்ள இருக்கற மூலக்கூறுலாம் திரும்பி நிக்கறதுக்கு ஒரு கரண்ட், அது நிமிஷக் கணக்குல மெதுவா எறங்கும். மூணாவது நெஜ லீக்கேஜ், அது எறங்கவே எறங்காது. நமக்கு வேண்டியது மூணாவது. அதனாலதான் ஒரு நிமிஷம் விடாம சுத்தி அப்பறம் எழுதணும்னு சொல்றது, வீட்டு வயரிங்குக்கு நம்ம நாட்டு விதியும் 500 வோல்ட்ல ஒரு நிமிஷம், குறைஞ்சது 1 மெகாஓம்னுதான் இருக்கு. பெரிய மோட்டார்ல பத்தாவது நிமிஷ ரீடிங்க முதல் நிமிஷ ரீடிங்கால வகுத்து பாப்பாங்க, இன்னிக்கு இருக்கற இன்சுலேஷன் வகைக்கு 2க்கு மேல இருந்தா நல்லது, 1 கிட்ட நின்னா லீக்கேஜ்தான் ஆட்சி பண்ணுது, ஈரமோ அழுக்கோ ஏறியிருக்குன்னு அர்த்தம். இதுல சூட்டையும் சேத்து பாக்கணும், பத்து டிகிரி ஏறுனா இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் சுமாரா பாதியாகும், 60 டிகிரில 10 மெகாஓம் காட்டற மோட்டார் 30 டிகிரிக்கு ஆறுனா 80 காட்டலாம், அதனால எந்த சூட்டுல எடுத்ததுன்னு எழுதாத ரீடிங்க மறு வருசம் ஒப்பிட்டு பாக்கவே முடியாது.

டெஸ்ட் முடிஞ்ச உடனே கம்பிய தொடாதீங்க. நீள கேபிளும் பெரிய மோட்டாரும் சார்ஜ புடிச்சு வச்சிருக்கும், டெஸ்ட் பண்ண நேரத்த விட நாலு மடங்கு நேரமாவது எர்த்தோட ஷார்ட் பண்ணி வைக்கணும். மெக்கர் வைக்கறதுக்கு முன்னாடி டிரைவ், எலக்ட்ரானிக் போர்டு எல்லாத்தையும் கழட்டிடணும், 500 வோல்ட்ட அது தாங்காது.

அந்த தோப்புல வேல அதோட முடியல. ஈஎல்சிபிய தூக்கிட்டு நேரா குடுத்துருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சப்ப எர்த்த பாக்கணும்னு தோணுச்சு. பையன் அதுக்கும் மல்டிமீட்டர எடுத்தான், நியூட்ரலுக்கும் எர்த் குழிக்கும் நடுவுல வச்சான், நம்பர் ஓடிக்கிட்டே இருக்கு, லீட மாத்தி வச்சா மைனஸ் காட்டுது. அங்க ஏற்கனவே ஏதோ வோல்டேஜ் இருக்கு, மண் ஈரத்துல, எர்த்துக்காக குழில அடிச்ச ராடு ஒரு பேட்டரி மாதிரி ஆயிடுது, மீட்டர் தள்ற துக்கடா கரண்ட் அந்த சத்தத்துல காணாம போயிடுது. அதனாலதான் எர்த் டெஸ்டர் டிசி குடுக்காது, திசை மாறிக்கிட்டே இருக்கற கரண்ட் குடுக்கும், அதுவும் லைனோட 50 ஹெர்ட்ஸ்ல இல்லாம 128 மாதிரி வேற ஒரு நம்பர்ல, அப்பத்தான் தன்னோட கரண்ட் எது ஊர் கரண்ட் எதுன்னு பிரிச்சு பாக்க முடியும்.

எர்த் ரெசிஸ்டன்ஸ்னா ராடோட ரெசிஸ்டன்ஸ்னு நெனைக்கறாங்க, இல்ல. ராட சுத்தி மண்ண வெங்காயத் தோல் மாதிரி அடுக்கு அடுக்கா நெனச்சுக்கங்க. ராடுல இருந்து கெளம்புற கரண்ட் முதல் தோல தாண்டறப்ப ரொம்ப குறுகலான வழி, அங்கதான் நெருக்கடி, வெளிய போகப் போக தோல் பெருசாகிட்டே போகும், கரண்ட் தாராளமா பரவிடும், ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேரும். ஆக பெரும்பங்கு ராட ஒட்டி இருக்கற சில மீட்டர் மண்ணுலதான். டெஸ்டர் அளக்கறதும் இத ஒட்டித்தான்: 30 மீட்டர் தள்ளி ஒரு ஆணி அடிச்சு ராடுக்கும் அதுக்கும் நடுவுல கரண்ட் தள்றோம், நடுவுல இன்னொரு ஆணி அடிச்சு வோல்டேஜ் பாக்கறோம். கெல்வின் சொன்ன அதே யோசனைதான், கரண்ட் தனி, வோல்டேஜ் தனி. நடு ஆணிய எங்க அடிக்கறதுன்னா தூரத்துல 62 சதவீதத்துல, 30 மீட்டருக்கு 18.6ல. அத ரெண்டு மீட்டர் முன்னயும் பின்னயும் நகத்தி பாத்து ரீடிங் மாறலன்னாத்தான் எழுதணும். மாறுச்சுன்னா ரெண்டு பக்க வெங்காயமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, வெளி ஆணிய இன்னும் தள்ளி அடிக்கணும். ரீடிங் எடுக்க ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சு ரெண்டு கொடம் தண்ணிய குழில ஊத்தி வைக்கற பழக்கம் பல எடத்துல இருக்கு, இது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம். முதல் தோல நனைச்சுட்டா ரீடிங் எறங்கிடும், ரெண்டு நாள்ல காஞ்சுடும், ஃபால்ட் வர்ற அன்னிக்கு யார் வந்து தண்ணி ஊத்துவா.

தோப்புல வந்தது 18 ஓம். 230 வோல்ட்ல பாடி ஃபால்ட் ஆனா அந்த 18 ஓம் வழியா அதிகபட்சம் 13 ஆம்ப் கிட்டத்தான் போகும், அங்க இருந்தது 16 ஆம்ப் எம்சிபி, கரண்ட் அளவு மீறுனா தானா விழற சுவிட்ச். விழவே விழாது. மோட்டார் பாடி லைவா நின்னுட்டே இருக்கும், ஈரக்கால்ல வந்து வால்வ தொடறவங்களுக்கு என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. கணக்க பையன் கிட்ட மண்ணுல குச்சியால எழுதிக் காட்டுனேன், பேசாம கேட்டுக்கிட்டான், அப்பறம் அவனே "ஈஎல்சிபிய தொட வேண்டாமுங்ணா"ன்னான்.

மோட்டார பட்டறைக்கு கொண்டு வந்து பிரிச்சோம், கீறல் எதிர்பாத்த எடத்துலதான் இருந்துச்சு, ஸ்லாட் வாயில கருப்பா ஒரு புள்ளி. அந்த செட் காயில மாத்தி, பேப்பர் போட்டு, வார்னிஷ் ஊத்தி சூட்டு அடுப்புல காய வச்சு, ஆறுனப்பறம் சுத்துனப்ப ஒரு நிமிஷத்துல 200 மெகாஓம் தாண்டி நின்னுச்சு. தோப்புல 3 மீட்டர் நீளத்துல இன்னொரு ராடு அடிச்சோம், பழசுல இருந்து 6 மீட்டர் தள்ளி, பக்கத்துலயே அடிச்சா ரெண்டு வெங்காயமும் ஒரே மண்ணத்தான் பங்கு போடும், பிரயோஜனம் இல்ல. ரெண்டையும் பட்டைல சேத்து எடுத்தப்ப 10 ஓம். மழ பேஞ்சு ஒரு வாரம் ஆன மண்ணுல எடுத்த ரீடிங் அது, தேதியோட பேனல் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கு. ஏப்ரல்ல நல்லா காஞ்சப்பறம் போய் மறுபடி எடுக்கணும், டெஸ்டர புடிச்சுக்கறது இனி அவன்தான்.